முதல் வகுப்புக்கு மாமரம், எட்டாம் வகுப்புக்கு அறை: மலாவி நாட்குறிப்பு

நவம்பர் 9, ஞாயிறு: லிலோங்வேயிலிருந்து சலிமா

தலைநகர் லிலோங்வேயில் காலை நாலு மணிக்கே பெட்ரோல் பங்க் வரிசையில் நிறுத்திய கார் எட்டரைக்குத்தான் பம்புக்குப் பக்கத்தில் போனது. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்குக் கடல் இல்லை. எரிபொருள் முழுக்கத் தான்சானியா, மொசாம்பிக் துறைமுகங்களில் இறங்கி லாரியில் வர வேண்டும். அதற்கு டாலர் வேண்டும். டாலருக்குத்தான் இங்கே பெரிய பஞ்சம். நம் ஊராக இருந்தால் அந்த வரிசையில் ஒரு கைகலப்பாவது நடந்திருக்கும். இங்கே ஆட்கள் இறங்கி, ஒருவரையொருவர் நலம் விசாரித்து, மரநிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் காலி கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

என்னைக் கூட்டிப்போகிறவர், லிலோங்வேயில் இருக்கும் என் மகளுக்குப் பக்கத்து வீட்டு நர்ஸ். சலிமா மாவட்டத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறார். "எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, நீங்கள் டீச்சர்தானே, வாருங்கள்" என்றார். ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி டீச்சரிடம் இப்படிச் சொன்னால் அப்புறம் வேறு பேச்சு ஏது.

லிலோங்வேயிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். மேட்டு நிலத்திலிருந்து மலாவி ஏரிக்கரைச் சமவெளிக்குச் சாலை இறங்க இறங்க, சன்னல் வழியாக அனல் ஏறி வந்தது. வழியில் வாளி வாளியாக மாம்பழம். மண்டாசி என்று எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, ஒன்று 200 குவாச்சா. வங்கிக் கணக்குப்படி ஏறக்குறைய 20 குவாச்சா நம் ஒரு ரூபாய், ஆக பத்து ரூபாய். சூடாக இருந்தால் இரண்டு சாப்பிடலாம், ஆறினால் பல்லுக்கு வேலை.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் நர்ஸ் காரை உறவினர் வீட்டில் நிறுத்திவிட்டார். இருக்கிற பெட்ரோலை மண் சாலையில் வீணாக்க அவருக்கு மனமில்லை. மிச்சத் தூரம் கபாசா, அதாவது சைக்கிள் டாக்சி. கேரியரில் மெத்தை வைத்துத் தைத்த சீட். ஒருக்களித்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் போவதற்குள் புடவை முந்தானை பின் சக்கரத்தில் சிக்கி ஒரு சாண் கிழிந்தது. ஓட்டி வந்த பையன் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பொறுமையாக எடுத்துக் கொடுத்தான். இறங்கும்போது 1,500 குவாச்சா கேட்க வேண்டியவன் 1,000 போதும் என்றான், புடவைக்காக. நான் முழுசாகத்தான் கொடுத்தேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டான்.

நர்ஸின் அம்மாவை ஊரே அகோகோ, பாட்டி, என்றுதான் கூப்பிடுகிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் ஒரு பேத்தி முழங்காலிட்டு, செம்பிலிருந்து எங்கள் கையில் தண்ணீர் ஊற்றினாள். மக்காச்சோள மாவில் கிண்டிய ந்சீமா, நம் களி மாதிரி, ஆனால் உப்பு போடாதது. தொட்டுக்கொள்ள, உலர்த்தி வைத்திருந்த பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்திருந்தார்கள். மூன்று உருண்டைக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. இலைக் குழம்பை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

நவம்பர் 10, திங்கள்: பள்ளி

காலை ஆறரைக்குப் போனபோதே புகை எழுந்துகொண்டிருந்தது. தாய்மார்கள் முறை வைத்து, இருட்டோடு வந்து, அண்டாக்களில் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த கஞ்சி காய்ச்சுகிறார்கள். லிக்கூனி பாலா என்று பெயர். மாவு தருவது மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு அமைப்பு. 2002 பஞ்சத்தின்போது மலாவியில்தான் அது தொடங்கியது. சமைப்பதற்குக் கூலி கிடையாது. பிளாஸ்டிக் கப்போடு வரிசை நின்றது. எனக்கும் ஒரு கப் வந்தது. லேசான இனிப்பு, நன்றாகவே இருந்தது.

தலைமை ஆசிரியர் அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். வருகையாளர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பேச்சு. அவர் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி, மற்ற இடமெல்லாம் பாடப்புத்தகக் கட்டுகள், சாக்பீஸ் பெட்டிகள், ஒரு கால்பந்து.

பள்ளியில் எட்டு வகுப்புகள், நாலே நாலு அறைகள். ஐந்து முதல் எட்டு வரை உள்ளே. மூன்றும் நாலும் புல் வேய்ந்த கொட்டகையில். ஒன்றும் இரண்டும் மரத்தடியில்.

முதல் வகுப்பு மாமரத்தடிக்குப் போனேன். பதிவேட்டில் 200-க்கு மேல். அன்றைக்கு வந்திருந்தவர்களை எண்ணப் பார்த்து, 150-க்கு மேல் பிள்ளைகள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் விட்டுவிட்டேன். தரையில் உட்கார்ந்த கூட்டம் மர நிழலைத் தாண்டி வெயிலுக்குள் நீள்கிறது. நிழல் நகர நகரக் கூட்டமும் நகர்கிறது. ஒரு சிறுமி தம்பியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டே எழுத்துப் படிக்கிறாள். கிளையில் சாய்த்து வைத்த கறுப்புப் பலகைதான் கரும்பலகை. நாலாவது வரிசைக்கு மேல் யாருக்கும் எழுத்து தெரியாது.

இரண்டு டீச்சர்கள். ஒருவர் பாட்டாகவே பாடம் நடத்தினார். சொல்லச் சொல்லக் கூட்டம் மொத்தமும் திருப்பிச் சொல்லும், கைதட்டும், எழுந்து ஆடும். இன்னொருவர் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே இருந்தார், தூங்குகிறவனைத் தட்டி, அடித்துக்கொள்கிறவர்களைப் பிரித்து. நோட்டுகளைத் திருத்துவது எப்போது என்று கேட்டேன். சிரித்தார். "ஒரு நோட்டுக்கு அரை நிமிடம் என்றாலும் கணக்குப் பாருங்கள், மேடம்." பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். முதல் வகுப்புக்கு மொத்தப் பள்ளி நேரமே மூன்று மணிதான்.

அங்கிருந்து எட்டாம் வகுப்புக்குப் போனால் 30 சொச்சம் பேர். பெஞ்சு, மேசை, சுவரில் ஆப்பிரிக்கா வரைபடம். பின்னால் இரண்டு பெஞ்சு காலி.

ஓர் ஆசிரியருக்கு 60 பிள்ளைகள் என்பது மலாவி அரசு வைத்திருக்கும் இலக்கு. பள்ளி மொத்தத்துக்குச் சராசரி போட்டால் இந்தப் பள்ளி அவ்வளவு மோசமாகத் தெரியாது. சராசரி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவரை இந்த மாமரத்தடியில் ஒரு காலை நேரம் உட்கார வைக்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்: கூரையில்லாத கட்டடம்

வெயில் 37 டிகிரி என்று போன் சொல்கிறது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கொசுவலைக்குள் காற்றும் வரவில்லை.

நேற்று மாலை அகோகோவிடம் பழைய கதை கேட்டேன், நர்ஸ் மொழிபெயர்த்தார். நாட்டின் முதல் அதிபர் பண்டாவின் ஆட்சியில் ஆரம்பப் பள்ளிக்கே கட்டணம் உண்டு. இருக்கிற பிள்ளைகளில் யாரை அனுப்புவது என்று வீட்டில் பேச்சு நடக்கும். 1994-ல், சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பல கட்சித் தேர்தலில் பாகிலி முலூசி வென்றதும் கட்டணத்தை எடுத்தார். நாடு முழுக்க ஆரம்பப் பள்ளிகளில் சுமார் 19 லட்சமாக இருந்த பிள்ளைகள் ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கினார்கள். ஆசிரியர் போதாமல் பயிற்சி இல்லாதவர்களை ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். "அன்றைக்கு மகளையும் அவள் அத்தையையும் ஒரே வகுப்பில் சேர்த்தேன்" என்றார் அகோகோ. அந்த மகள்தான் இந்த நர்ஸ். கட்டணத்தை எடுத்தது தப்பு என்று சொல்கிறவர்களை லிலோங்வேயில் ஒன்றிரண்டு விருந்துகளில் கேட்டிருக்கிறேன். அவர்கள் அகோகோவைச் சந்திக்க வேண்டும்.

இன்று காலை பள்ளிக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். இரண்டு அறைக் கட்டடம், சுவர் முழு உயரத்துக்கு எழும்பி நிற்கிறது, மேலே வானம். உள்ளே ஆள் உயரப் புல். செங்கல் ஊரார் அறுத்துச் சூளை வைத்துச் சுட்டது. மணல் பெண்கள் தலையில் சுமந்தது. இந்த நாட்டில் கிராமத்துப் பள்ளி கட்டுவதற்கு இதுதான் வழக்கமான ஏற்பாடு: செங்கல், மணல், தண்ணீர் ஊர்ப் பொறுப்பு, சிமெண்ட், மரம், தகரம் வெளியிலிருந்து. ஊர் தன் பங்கை முடித்துவிட்டது. தகரத்துக்குப் பணம் சேர்ந்துகொண்டிருந்தபோது, 2023 நவம்பரில் டாலருக்கு 1,180 குவாச்சாவாக இருந்த மதிப்பை ஒரே நாளில் 1,700 ஆக்கினார்கள். பள்ளிக் குழுப் பொருளாளர் தகரத்தின் பழைய விலைச் சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு மடங்குக்கு மேல். சேர்த்த பணத்துக்கு ஒரு பக்கக் கூரைகூட வராது. 20 தகரம் மட்டும் வாங்கி ஊர்த்தலைவர் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், திருட்டுப் போகாமல் இருக்க.

சூளைக்கு வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வழியெல்லாம் தெரிகின்றன. மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தினால் சுடவே வேண்டாம், அந்த மாதிரிக் கல்லில் கட்டிய பள்ளிகளும் இங்கே உண்டு. ஆனால் அதற்குச் சிமெண்ட் வாங்க வேண்டும். விறகு மலையில் சும்மா கிடைக்கிறது, அல்லது கிடைத்தது.

ஆனால் கட்டடத்தைவிட எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு அறை வந்தால் யாருக்கு என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "நாலாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும்." மேலிருந்து கீழே வருகிறது அறை. மாமரத்தடிக்கு வந்து சேர இன்னும் எத்தனை சூளை வேண்டும்?

காரணம் இல்லாமல் இல்லை. எட்டாம் வகுப்பு முடிவில் பொதுத்தேர்வு. அதில் எத்தனை பேர் நல்ல மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தேர்வாகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஊரும் கல்வி அலுவலகமும் தலைமை ஆசிரியரை எடைபோடும். முதல் வகுப்பில் ஒருவன் எழுத்து தெரியாமல் நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை. அவன் அடுத்த வருடமும் முதல் வகுப்பில்தான் உட்காருவான். பதிவேட்டைப் புரட்டினால் அதுதான் கதை: புதிதாகச் சேர்ந்தவர்களோடு போன வருடத்து ஆட்கள், அதற்கு முந்தைய வருடத்து ஆட்கள் சிலர். நெரிசலால் படிக்கவில்லை, படிக்காததால் நெரிசல். கட்டடம் மட்டும் கட்டி இதை அவிழ்க்க முடியாது.

மத்தியானம் பீன்ஸும் ந்சீமாவும். மாலையில் தோப்வா என்று புளிக்கவைத்த மக்காச்சோளப் பானம். ஒரு குவளை குடித்ததும் வெயில் பாதியாகக் குறைந்தது.

நவம்பர் 12, புதன்: கூட்டம், மழை, ஈசல்

இன்று பள்ளிக் குழுக் கூட்டம். ஜெபத்தில் ஆரம்பித்தது. ஆண்கள் நாற்காலியிலும் செங்கல் அடுக்கிலும், பெண்கள் பாயிலும். எனக்கு நாற்காலி போட்டார்கள். ஊர்த்தலைவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மெதுவாகக் கைதட்டி மரியாதை செய்தார்கள். நம் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்கள் ஞாபகத்துக்கு வந்து எனக்குச் சிரிப்பு.

தாய்மார் குழுவிலிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, எழுந்து ஒரு யோசனை சொன்னார். எட்டாம் வகுப்பில் 30 பேர்தானே. பத்து நிமிட நடையில் தேவாலயம் இருக்கிறது, வார நாட்களில் பூட்டித்தான் கிடக்கிறது. அவர்கள் அங்கே போகட்டும். அந்த அறையில் முதல் வகுப்பில் பாதி, வெளித் தாழ்வாரத்தில் மீதி, இடைவேளைக்குப் பிறகு மாற்றிக்கொள்ளட்டும். இரண்டு டீச்சர், இரண்டு கூட்டம்.

ஏன், சின்னவர்களையே தேவாலயத்துக்கு அனுப்பலாமே என்றார் ஒருவர். அந்தப் பெண் உடனே பதில் சொன்னார்: கஞ்சி இங்கே, அடிபம்பு இங்கே, கழிப்பறை இங்கே. ஐந்து வயதுப் பிள்ளை பத்து நிமிடம் நடந்து போய்த் திரும்ப வருமா?

எட்டாம் வகுப்புப் பையனின் அப்பா ஒருவருக்குப் பொறுக்கவில்லை. நாலு வகுப்பு வரை மரத்தடியிலும் கொட்டகையிலும் உட்கார்ந்துதான் என் மகன் மேசைக்கு வந்திருக்கிறான், பரீட்சை வருடத்தில் அவனை வெளியே அனுப்புவீர்களா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூட்டம் அமைதியானது. தலைமை ஆசிரியர் டையைத் தளர்த்திக்கொண்டு, மேசைகளும் கூடவே தேவாலயத்துக்குப் போகும் என்றார். பாதிரியாரிடம் கேட்க ஊர்த்தலைவர் ஒத்துக்கொண்டார். பள்ளியில் ஒரு டீச்சர், ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை முதல் வகுப்புக் குழுக்களுக்குத் தலைவிகளாகப் போடலாம் என்றும் சொன்னார்.

என் கருத்தைக் கேட்டபோது நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைச் சென்னையில் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் பள்ளியில் அதைச் செய்து பார்த்தார். 1797-ல் எழுதி அச்சிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துக்கும் போனது. எழுத்து, எண் சொல்லிக் கொடுக்க அது நன்றாக உதவும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், அரை மணி, அதற்கு மேல் வேண்டாம் என்றேன். சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கும் அவளுடைய பாடம் இருக்கிறது. இதில் பையன்களும் வர வேண்டும் என்று சொன்னதற்குத் தாய்மார் குழு கைதட்டியது.

கூட்டம் முடியும் முன்பே காற்று மாறியது. இரண்டு மணிக்கு வந்தது மழை, பருவத்தின் முதல் மழை. எல்லோரும் ஏழாம் வகுப்பு அறைக்குள் ஓடினோம். தகரக் கூரையில் மழை விழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. வாய் மட்டும் அசைகிறது. மழைக்காலத்தில் அறைக்குள் பாடம் எப்படி நடக்கும் என்று சைகையில் கேட்டேன். பதிலுக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்: "நாங்கள் எழுதுவோம்."

இரவு ஈசல். இங்கே ங்கும்பி என்கிறார்கள். விளக்கு வெளிச்சத்துக்குக் கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு பிடித்தார்கள். சிறகு உதிர்த்து, உப்புப் போட்டு, எண்ணெய் இல்லாமலே வறுத்தார் அகோகோ. சின்ன வயதில் பாட்டி வீட்டில் பொரியோடு கலந்து சாப்பிட்டதுதான். நான் தயங்காமல் கை நீட்டியதைப் பார்த்து நர்ஸுக்கு ஏமாற்றம். என்னைப் பயமுறுத்தலாம் என்று இருந்தாராம்.

நவம்பர் 13, வியாழன்: நெரிசல் இல்லாத நாள்

மாமரத்தடியில் இன்று 60 பேர் இருந்தால் அதிகம். மிச்சப் பேர் வயலில். மண் நனைந்ததும் மக்காச்சோள விதை போட வேண்டும். நாள் தள்ளினால் விளைச்சல் போகும். குழி ஒன்றுக்கு விதை போட சின்னக் கை போதும். இப்போதிலிருந்து மார்ச் வரை வீட்டுக் குதிரில் தானியம் குறைந்துகொண்டே போகிற மாதங்கள் வேறு. கஞ்சி இல்லாவிட்டால் இந்த 60 பேரும் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆனால் அந்த டீச்சர்களைப் பார்த்திருக்க வேண்டும். பாட்டு இல்லை, கைதட்டல் இல்லை. இரண்டு கூட்டமாகப் பிரித்து உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குனிந்து, விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். ஒரு பையன் மூன்றாவது வருடமாக முதல் வகுப்பில் இருக்கிறவனாம். இன்று அவன் தன் பெயரில் பாதியை எழுதினான். மீதிக்குள் மணி அடித்துவிட்டது.

இளைய டீச்சர் தினமும் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருகிறார். பள்ளி வளாகத்தில் ஆசிரியர் வீடு இரண்டுதான், இரண்டும் ஒழுகும். கடைத்தெருவில் வாடகைக்கு இருக்கிறார். மழை வலுத்தால் நடுவில் ஓடும் ஓடையைத் தாண்ட முடியாது, அன்றைக்கு 200 பேருக்கு ஒரே டீச்சர். வகுப்பறை கட்ட வருகிற எந்த உதவிக்காரரும் ஆசிரியர் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை என்று தலைமை ஆசிரியர் குறைப்பட்டார். வீடு கட்டினால் போட்டோவில் பிள்ளைகள் வர மாட்டார்கள் அல்லவா!

பக்கத்துப் பகுதியில் ஒரு பள்ளிக்குச் சூரிய மின்சாரத்தில் ஓடும் டேப்லெட்டுகள் வந்திருக்கின்றன என்றார்கள். ஒன்று முதல் நாலு வரை உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஊர் மொழியான சிச்சேவா எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் அரசுத் திட்டம். குழுகுழுவாக அனுப்புவதால் ஒரு குழு அங்கே போகும் நேரம் மரத்தடி காலியாகும் என்பதுதான் இங்கே டீச்சர்களை ஈர்த்தது. டேப்லெட்டைப் பூட்டி வைக்கவும் ஓர் அறை வேண்டுமே என்றேன். "அதற்கு எட்டாம் வகுப்பை எங்கே அனுப்புவது?" என்றார் தலைமை ஆசிரியர். அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நவம்பர் 14, வெள்ளி: லிலோங்வே

திரும்பும் வழியில் சலிமாவில் எந்தப் பங்கிலும் பெட்ரோல் இல்லை. சாலையோரத்தில் மஞ்சள் கேனில் விற்றார்கள், பங்க் விலையைப் போல இரண்டு மடங்கு. பேரம் பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை. அதில் தண்ணீர் கலந்திருந்ததோ என்னவோ, மேட்டில் ஏறும்போது கார் இரண்டு தடவை நின்றது. இரண்டாவது தடவை மாம்பழம் விற்கிற பெண்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். நன்றிக்காக ஒரு வாளி வாங்கினோம், 3,000 குவாச்சா. வீடு முழுக்க மாம்பழ வாசம். கிழிந்த முந்தானையை மகள் மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 24, திங்கள்: பின்குறிப்பு

நர்ஸின் போனுக்குத் தலைமை ஆசிரியர் செய்தி அனுப்பியிருக்கிறார். பாதிரியார் சாவியைக் கொடுத்துவிட்டார், வெள்ளிக்கிழமை மட்டும் ஜெபக் கூட்டத்துக்குத் திருப்பித் தர வேண்டும். மேசைகளைச் சுமந்து போனது எட்டாம் வகுப்புப் பையன்களே. முதல் வகுப்பு அறைக்குள் வந்துவிட்டது, பாதி உள்ளே, பாதி தாழ்வாரத்தில். மழைச் சாரல் அடித்தால் தாழ்வாரத்துப் பாதியும் உள்ளே வந்துவிடுகிறது, அன்றைக்குப் பழைய நெரிசலேதான். எதிர்த்துப் பேசிய அப்பா தன் மகனை ஒரு வாரம் அனுப்பவில்லை, இப்போது அனுப்புகிறார். தகரம் 20-லேயே நிற்கிறது.